தட்டு ஒன்று, வடம் இரண்டு

முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றில் கூரைமேல் செய்மதித் தட்டு நிற்பது இன்று புதினமன்று. ஆயினும், ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைப் பதிவுசெய்யவல்ல, இரு வாங்கிகள் அடங்கிய பெட்டியை வாங்கியவர் பலர், பழைய வடத்தையே இரண்டாகப் பிரித்துச் செருகிவிட்டு, ஓர் அலைவரிசை தெரிய மற்றது மறைவதேன் என மயங்குவர்.

நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதியின் அலைகள் பெரும்பாலும் நிலைக்குத்து, கிடை என இருவகையாய் வருவன. தட்டின் முன் நீண்ட கையிலுள்ள எல்.என்.பி. என்னும் கருவி அவற்றின் மீடிறனைக் குறைத்து வடத்தில் இறக்குகிறது. எவ்வகை வேண்டுமென்பதைப் பெட்டியே அவ்வடத்தின் வழி அறிவிக்கும்: 13 வோல்ற்று எனின் நிலைக்குத்து, 18 எனின் கிடை. சாதாரண எல்.என்.பி. ஒரு வடத்தில் இவ்விரு கட்டளைகளையும் ஒருங்கே ஏற்காது. கிணறு வற்றாததாயினும், ஒரு துலாவில் இருவர் ஒரே வேளையில் நீர் இறைப்பதெங்ஙனம்? (ஊர்ப்பெயரே நீரைச் சொல்வதால் உவமையும் அங்கேதான் போகிறது.)

ஆகவே, இரு வாய்களுடைய எல்.என்.பி.யும், அவற்றினின்று பெட்டிவரை தனித்தனி வடங்களும் வேண்டும். இந்தியாவில் 2008இல் வெளிவந்த டாட்டா ஸ்கை பிளஸ் பெட்டிக்கும் இவ்வாறே இரு வடங்கள் தேவைப்பட்டன.

இணைக்குமுன் பெட்டியின் மின்னை நிறுத்துக. வாடைக்காற்று மழையில் இணைப்புகளுள் நீர் புகுமாதலால், அவற்றை நீர்புகா நாடாவாற் சுற்றுக. வடம் சுவரைத் துளைக்குமிடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், நீர் வெளியிலேயே சொட்டிவிடும். தட்டின் தூணுக்குப் புவித்தொடுப்பு அவசியம். வானம் கறுக்கும்போதே, இடி தொடங்குமுன், மின்செருகியோடு இரு வடங்களையும் கழற்றுக. மறந்துவிட்ட ஒரு வடமே பெட்டியை எரிக்கப் போதும்.