மலிவு எண்ணெயும் கொப்பரைக் கணக்கும்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெய் அடுக்கின் முன்னால் நின்றால், தேங்காய் எண்ணெய் மூன்று விலையில் இருக்கும். தொலைக்காட்சியில் நாள்தோறும் வரும் நிறுவனத்தின் பாட்டில் ஒன்று. கடையே தன் பெயரை ஒட்டி விற்பது இன்னொன்று. எங்கும் கேள்விப்படாத பெயரும் தென்னைமரப் படமுமாக, எல்லாவற்றையும்விட மலிவாக மூன்றாவது ஒன்று. ‘எல்லாம் ஒரே எண்ணெய்தான், கூடுதல் காசு விளம்பரத்துக்கு’ என்பார் ஒரு சாரார். ‘விலை குறைந்தால் சரக்கும் குறையும்’ என்பார் மற்றவர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. எது எதற்குப் பொருந்தும் என்பதை அந்தப் பொருள் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும். கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. உப்பளமும் இங்கே இருக்கிறது, எண்ணெய் ஆட்டும் மில்லும் இங்கே இருக்கிறது.

முதலில் உப்பு. சாமித்தோப்பு, புத்தளம் பக்கம் பாத்திகளில் விளைவதும், தூத்துக்குடியில் விளைந்து இந்தியா முழுக்கப் போவதும் அடிப்படையில் ஒரே வேதிப்பொருள். சமையலுக்கான அயோடின் உப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் எண்ணால் சொல்லிவிட்டது: ஈரம் நீக்கிய எடையில் சோடியம் குளோரைடு 96 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கடையில் விற்கும் நிலையிலும் அயோடின் பத்து லட்சத்தில் 15 பங்காவது இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணும் தேறிவிட்டால், உறைமேல் யார் பெயர் இருந்தாலும் குழம்புக்கு அதனால் ஒன்றும் இல்லை. தமிழ்நாடு அரசின் உப்புக் கழகம் ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் உப்பெடுத்து 2014 முதல் மலிவு விலையில் பாக்கெட்டாக விற்றபோதும் இதே அளவுகோல்தான். பொருளாதார அறிஞர்கள் நால்வர் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. தலைவலி மாத்திரையை மருந்தாளுநர்கள் எந்தப் பெயரில் வாங்குகிறார்கள், உப்பு, சர்க்கரை போன்றவற்றைத் தொழில்முறைச் சமையல்காரர்கள் எந்தப் பெயரில் வாங்குகிறார்கள் என்று லட்சக்கணக்கான வாங்கல்களை வைத்துப் பார்த்தார்கள். பொருளைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள், மற்றவர்களைவிட அதிகமாகக் கடையின் சொந்தப் பெயர் கொண்ட மலிவுச் சரக்கையே எடுத்தார்கள். விவரம் தெரியாதபோதுதான் நாம் பெயருக்குக் காசு கொடுக்கிறோம் என்பது அதன் சாரம்.

மலிவு எங்கிருந்து வருகிறது என்பதிலும் மர்மம் ஏதுமில்லை. பெரிய நிறுவனத்தின் பாக்கெட் விலைக்குள் விளம்பரம், மாவட்ட விநியோகஸ்தர், அவருக்குக் கீழே மொத்த வியாபாரி, பிறகு கடைக்காரர் என்று ஒவ்வொருவர் பங்கும் அடங்கியிருக்கிறது. கடையே மூட்டையாக எடுத்துப் பின்கட்டில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கட்டினால் இடையில் இரண்டு கை குறைகிறது. 1990களில் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ‘மார்ஜின் ஃப்ரீ’ கடைகள் பரவியது இந்தக் கணக்கில்தான்: ஒரு பொருளில் வரும் லாபத்தைக் குறைத்து, விற்கும் அளவில் அதை ஈடுகட்டுவது. கேரள அரசின் சப்ளைகோ நிறுவனம் ‘சபரி’ என்ற சொந்தப் பெயரில் விற்பதும் இதன் இன்னொரு வடிவம். சர்க்கரை, ரவை, பச்சரிசி, உளுந்து, துவரம்பருப்பு போன்ற ஒற்றைப் பொருள்களில் கடைப்பெயர் பாக்கெட்டை எடுப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. உறை கண்ணாடிபோல் இருக்கும். உள்ளே உடைசலா, வண்டா, கல்லா என்பது கண்ணுக்கே தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத பொருளில்தான் சிக்கல் தொடங்குகிறது. எண்ணெய் அந்த வகை. ஆகவே மில்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. முற்றிய தேங்காயை உடைத்து, களத்தில் வெயிலிலோ புகையிலோ உலர்த்தினால் கொப்பரை. பச்சைத் தேங்காய்ப் பருப்பில் பாதியளவு தண்ணீர். ஆட்டுவதற்கு வரும்போது அது ஆறு சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். உலர்த்துவதில் அவசரப்பட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலத்தைப் பிரித்துவிடும். அப்படி எடுத்த எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். நன்றாகக் காய்ந்த கொப்பரையைத் துண்டாக்கி, லேசாகச் சூடேற்றி எக்ஸ்பெல்லர் என்ற எந்திரத்துக்குள் தள்ளுகிறார்கள். கனத்த இரும்புத் திருகு ஒன்று, சிறு இடைவெளிகள் கொண்ட இரும்புக் கூண்டுக்குள் சுழல்கிறது. திருகு முன்னேற முன்னேற இடம் குறுகிக்கொண்டே போகும். நெருக்குண்ட கொப்பரையிலிருந்து எண்ணெய் இடைவெளிகள் வழியாகக் கீழே ஒழுகும். மறுமுனையில் பிண்ணாக்கு ஓடு ஓடாக வந்து விழும். எண்ணெயை வடிகட்டித் தெளியவிட்டால் வேலை முடிந்தது. செக்கு இதையே மெதுவாக, அதிகம் சூடேறாமல் செய்கிறது. பிண்ணாக்கில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிடும், அவ்வளவுதான்.

இந்தச் செய்முறையில் மறைந்திருக்கும் ஓர் எண்தான் மலிவு எண்ணெயை எடைபோட உதவுவது. நல்ல கொப்பரை 100 கிலோ ஆட்டினால் 60 முதல் 62 கிலோ எண்ணெய் வரும். எக்ஸ்பெல்லர் எவ்வளவு புதிதாக இருந்தாலும், முதலாளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது பெரிதாக மாறாது. கொப்பரையிலிருந்து எடுக்கக்கூடியதே அவ்வளவுதான். ஆக ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.6 கிலோ கொப்பரை வேண்டும். காயாகச் சொன்னால் பத்து காய்க்குக் குறையாது. 2025ஆம் ஆண்டுக்கு எண்ணெய் ஆட்டும் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய், அதாவது கிலோ 116 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த ஆண்டின் நடுவில் சந்தை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டிவிட்டது. 200 என்றே வைத்துக்கொள்வோம். 1.6 கிலோவுக்கு 320 ரூபாய். பிண்ணாக்கை விற்று 20 ரூபாய் திரும்பினாலும் 300. இதில் கூலி, கரன்ட், பாட்டில், வண்டி வாடகை, வரி எதுவும் சேரவில்லை. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் 910 முதல் 920 கிராம்தான் எடை இருக்கும் என்பதால் லிட்டருக்கு 275 ரூபாய். அந்தச் சமயத்தில் ஒரு லிட்டர் பாட்டில் 200 ரூபாய்க்கு அடுக்கில் இருந்திருந்தால் அதைத் தள்ளுபடி என்று சொல்வதற்கில்லை. உள்ளே இருப்பது வேறு ஏதோ. தினத்தாளின் வணிகப் பக்கத்தில் காங்கேயம் கொப்பரை விலை வருகிறது, அதை 1.6ஆல் பெருக்கிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

நட்டத்துக்கு விற்று ஆளை இழுக்கிற கடைகளும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் அந்தத் தந்திரம் எல்லாருக்கும் விலை தெரிந்த பொருளில்தான் செல்லும். பிரபலமான பாட்டிலை இரண்டு நாள் சொற்ப விலைக்குக் கொடுத்தால்தான் ‘அங்கே மலிவு’ என்று ஊரே பேசும். யாருக்கும் தெரியாத பெயரில், ஆண்டு முழுக்க, அடக்க விலைக்கும் கீழே எண்ணெய் விற்க எந்த வியாபாரிக்கும் காரணமில்லை.

அப்படியானால் விளம்பரப் பெயரையே நம்பிவிடலாமா? பெயர் ஒரு பிணைதான், மறுக்க முடியாது. பல ஆண்டு உழைத்துச் சம்பாதித்த பெயரைக் கலப்படத்தில் இழக்கப் பெரிய நிறுவனம் அஞ்சும். ஆனால் ஒரு பெயரை அச்சடித்துவிட்டதற்காக மட்டும் எதுவும் நம்பத்தக்க பிராண்ட் ஆகிவிடுவதில்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் நடந்ததைப் பார்த்தால் போதும். 2018 டிசம்பரில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ஒரே உத்தரவில் 74 தேங்காய் எண்ணெய்ப் பெயர்களைத் தடை செய்தது. கேரளக் கூட்டுறவு நிறுவனமான கேராஃபெட்டின் ‘கேரா’ போலவே ஒலிக்கும் பெயர்களை வைத்து வாங்குபவரைக் குழப்புவது அந்தச் சந்தையின் பழைய நோய். பாட்டில் பளபளப்பாக இருந்தது, பெயர் அச்சாகி இருந்தது, மூடி முத்திரையிட்டிருந்தது. உள்ளே இருந்ததுதான் சரியில்லை. கடைப்பெயரிலும் இதே கதை நடக்கலாம். ஒன்று மட்டும் வித்தியாசம்: கடைப்பெயர் கெட்டால் அந்தக் கடையில் விற்கும் அரிசி, பருப்பு, சோப்பு எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும். உள்ளூரில் பத்து கிளை வைத்திருப்பவர் அதை எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். கேள்விப்படாத பெயர் கொண்ட அந்த மூன்றாவது பாட்டிலுக்கு அந்தப் பயமும் கிடையாது. பெயரை மாற்றி அடுத்த மாதம் வந்துவிடும்.

வீட்டிலேயே சோதித்துவிடலாம் என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் (உறைபெட்டியில் அல்ல) அரை மணி நேரம் வைத்தால் எண்ணெய் உறையும், கலந்த எண்ணெய் தனிப் படலமாக நிற்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லித்தருகிறது. குளிரில் உறையாத எண்ணெய் கலந்ததைப் பிடிக்க இது உதவும். எண்ணெய்ப் பனையின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்தால் உதவாது. அதிலும் தேங்காய் எண்ணெயைப் போலவே லாரிக் அமிலம் பாதியளவு இருப்பதால் அதுவும் உறைந்துவிடும். ஆய்வகத்தில் அதைப் பிடிக்க வழி உண்டு: தேங்காய் எண்ணெயின் ‘அயோடின் எண்’ என்ற ஆய்வக அளவு 7.5க்கும் 10க்கும் இடையில் இருக்க வேண்டும். பனம்பருப்பு எண்ணெயில் அது 14க்கு மேலே போகும். ஆக, உறைந்தது என்பதற்காக மட்டும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

இன்னொரு தரப்பு, ‘பாட்டிலே வேண்டாம், கண்முன்னால் ஆட்டித் தருகிற மில்லுக்குப் போ’ என்கிறது. சொந்தக் கொப்பரையைக் கொண்டுபோய் ஆட்டி வருகிறவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அந்த வசதி இல்லாதவர், மில்லின் டின்னில் முன்பே இருக்கும் எண்ணெயை வாங்கும்போது நம்புவது பெயரைத்தான். நிறுவனத்தின் பெயருக்குப் பதில் மில்காரரின் பெயர். 1998இல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெய் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த பிறகுதான் மத்திய அரசு அதே ஆண்டில் சமையல் எண்ணெயை உறையிட்டு விற்க ஆணை பிறப்பித்தது. உறையின் பயன் அழகு அல்ல. தவறு நடந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதற்கு அது சாட்சி.

அந்தச் சாட்சியம் பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கிறது. முன்பக்கத்தில் தென்னை மரமும் உடைத்த தேங்காயும் இருந்தாலும் பின்பக்கத்தில் ‘கலப்பு சமையல் தாவர எண்ணெய்’ என்று இருந்தால் அது தேங்காய் எண்ணெய் அல்ல. சட்டப்படி அதில் எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்க வேண்டும், அக்மார்க் முத்திரையும் வேண்டும். மலிவுப் பாட்டில்களில் பாதி ரகசியம் இந்த வரியோடு வெளிச்சமாகிவிடும். அடுத்தது தயாரித்தவர், பொதி செய்தவர் முகவரி. கடைப்பெயர் பாட்டிலின் எண்ணெய் காங்கேயத்திலிருந்தா, பக்கத்து மில்லிலிருந்தா என்பது அங்கே தெரியும். பிறகு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண். 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு; அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24, கேரளத்துக்கு 13. தமிழ்நாட்டு முகவரியும் வேறு மாநில எண்ணும் சேர்ந்திருந்தால் சற்று நின்று யோசிக்கலாம். (00 என்று இருந்தால் மத்திய உரிமம், அதில் தவறில்லை.) கிலோவா லிட்டரா என்பதையும் பார்த்துவிட வேண்டும், இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒப்பிடுகிறவர் எட்டு, ஒன்பது சதவீதம் ஏமாறுகிறார்.

எண்ணெயை விட்டு மசாலாப் பொடிக்கு வந்தால், நான் மலிவுக்கும் எதிர்க்கட்சி, பெயருக்கும் எதிர்க்கட்சி. மல்லியும் நல்லமிளகும் முழுதாகக் கிடைக்கிற கோட்டாறு, வடசேரிச் சந்தைகளை வைத்துக்கொண்டு அரைத்த தூளை நம்ப வேண்டிய அவசியம் இல்லை. நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டில் கடைப்பெயரா ஊர்ப்பெயரா என்று பார்ப்பதைவிட, பொரித்த எண்ணெய் எது என்ற ஒரு சொல்லைப் பார்த்தால் போதும். பாமாயிலில் பொரித்ததற்குத் தேங்காய் எண்ணெய் விலை கொடுப்பது வீண்.

ஆகவே உப்பு, சர்க்கரை, பருப்பு, ரவையில் கடைப்பெயரை எடுங்கள்; மிச்சமாகும் காசு உண்மையான மிச்சம். தேங்காய் எண்ணெயில் கடைப்பெயரும் விளம்பரப் பெயரும் கொப்பரைக் கணக்குக்கு மேலே நின்றால், மலிவானதையே எடுக்கலாம். கணக்குக்குக் கீழே நிற்கும் பாட்டில் எவ்வளவு மலிவானாலும் கை வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வாங்குபவருக்கே ஓர் உரிமை தந்திருக்கிறது: ஆய்வுக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைக் கொடுக்கலாம். சரக்கு சட்டத்துக்கு ஒவ்வாதது என்று முடிவு வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.