நவம்பர் மாதக் கொடி யாருக்காக?

பள்ளி மாணவர் மன்றத்தினர் உண்டியலோடு வந்தால் டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள்தான் நமக்கு நினைவு வரும். 1949 முதல் நடப்பது அது. நவம்பர் 25-ம் ஒரு கொடி நாள் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கே சொல்லாமல் காசு கேட்கச் சொல்லும் பள்ளிகளும் உண்டு.

நவம்பர் 19 முதல் 25 வரை மத நல்லிணக்க வாரம். அதில் திரட்டும் பணம், மத்திய உள்துறையின் கீழ் 1992-ல் அமைக்கப்பட்ட தேசிய மத நல்லிணக்க அறக்கட்டளைக்கு உரியது. மத, சாதி, இனக் கலவரங்களிலும் பயங்கரவாதத்திலும் ஆதரவிழந்த பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காக ஏற்பட்ட நிதி. எந்த மதத்துப் பிள்ளை என்ற கேள்வி இதில் கிடையாது. 1982-ல் மண்டைக்காடு கலவரத்தைக் கண்ட குமரி மாவட்டத்துப் பெரியவர்கள், அந்தக் கொடியைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லலாம்.