பேட்டரியை மாற்றுமுன் டைனமோவைப் பாருங்கள்



சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு, நமது அறக்கட்டளையின் ஆம்னி வண்டி ஒரு வயதான தாயாரை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றது. வழியில் ஒவ்வொரு சிக்னலில் நிற்கும்போதும் ஹெட்லைட் மங்குவதையும், ஆக்சிலேட்டரை மிதித்தால் மீண்டும் பளிச்சென்று எரிவதையும் ஓட்டுநர் கவனித்திருக்கிறார். மருத்துவமனை வாசலில் எஞ்சினை ஓடவிட்டபடியே, உள்விளக்கு, மின்விசிறி, வைப்பர் எல்லாம் போட்டு அரைமணி நேரம் நின்றார். பிறகு எஞ்சினை அணைத்தார். ஸ்கேன் எடுக்க வேறு இடம் போகச் சொன்னபோது செல்ஃப் எடுக்கவில்லை. அங்கு நின்ற ஆட்டோ ஓட்டுநர்கள் இறங்கி வந்து தள்ளிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தாயார் இப்போது நலமாக இருக்கிறார்.

இதே குறைக்காக அந்த வண்டிக்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் புது பேட்டரி வாங்கியிருந்தோம். ரசீதில் கையெழுத்திட்டவன் நான். அது உங்கள் சந்தாவிலிருந்து போன பணம். கெட்டிருந்தது பேட்டரி அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. தளர்ந்த பெல்ட்டும் துருப்பிடித்த எர்த் வயரும்தான் காரணம். அந்தச் செலவு உங்களில் ஒருவருக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டைனமோ என்ன செய்கிறது?

நம் பட்டறைகளில் டைனமோ என்று சொல்வது உண்மையில் ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது பெல்ட் அதைச் சுற்றுகிறது. சுற்றும்போது மின்சாரம் பிறக்கிறது. ஓடுகிற வண்டியின் விளக்கு, ஹாரன், விசிறி அனைத்தையும் தாங்குவது அதுதான். மிச்சமாவது பேட்டரிக்குச் சார்ஜாகப் போகிறது. பேட்டரியின் முக்கிய வேலை வண்டியை ஸ்டார்ட் செய்வது மட்டுமே.

டைனமோ வேகமாகச் சுற்றினால்தான் முழு மின்சாரம் கிடைக்கும். சிறிய பெட்ரோல் கார்கள் ஐடிலில் நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 800 அல்லது 900 சுற்று சுற்றும். அப்போது டைனமோவால் தன் முழுத் திறனில் ஒரு பகுதியைத்தான் தர முடியும். செலவோ குறைவதில்லை. 55 வாட் ஹெட்லைட் பல்புகள் இரண்டு மட்டுமே சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். விசிறி, வைப்பர், ஏசி, நாமாகப் பொருத்திய கூடுதல் விளக்குகள் எல்லாம் அதற்கு மேல். நல்ல வண்டி இதைச் சமாளிக்கும். பழைய வண்டியில் ஏதேனும் ஒரு சிறு குறை இருந்தாலும், வரவு குறைந்து செலவு மிஞ்சிவிடும். பற்றாக்குறையைப் பேட்டரி தன் கையிருப்பிலிருந்து ஈடுகட்டும். கையிருப்பு தீர்ந்தால் செல்ஃப் எடுக்காது. அந்த இடத்தில் எத்தனை புது பேட்டரி வைத்தாலும் கதை அதுதான்.

ஐந்து நிமிடச் சோதனை

மல்டிமீட்டர் விலை அதிகமில்லை. அதை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பு முனையை மைனஸிலும் வைத்துப் பாருங்கள்.

முதலில், இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன். 12.4 முதல் 12.7 வரை காட்டினால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது.

இரண்டாவது, எஞ்சினை ஐடிலில் விட்டு, எல்லா விளக்குகளையும் அணைத்து. 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும்.

மூன்றாவது, அதே ஐடிலில் ஹெட்லைட், விசிறி, வைப்பர் மூன்றையும் போட்டு. 13-க்கு மேல் நின்றால் கவலையில்லை. 12.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

நான்காவது, எல்லாம் எரியும்போதே ஆக்சிலேட்டரைச் சற்று மிதித்து. 14-ஐ நெருங்கினால் டைனமோவில் உயிர் இருக்கிறது. குறை பெரும்பாலும் சிறியது. மிதித்தும் ஏறவில்லையென்றால் டைனமோவையோ அதன் வயர்களையோ பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்து வீணாகும்.

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்

எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பெரும்பாலான கார்களில் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். அதற்கு மேல் தொங்கினாலும், உட்பக்கம் கண்ணாடிபோல் மின்னினாலும் பெல்ட் வழுக்குகிறது. இறுக்கலாம், வெடித்திருந்தால் மாற்றலாம். அளவுக்கு மீறி இறுக்கினால் டைனமோவின் பேரிங் போய்விடும். ஆம்னியில் முன்சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சின் தெரியும் என்பதால், பலர் பெல்ட்டைப் பார்ப்பதே இல்லை. நாங்களும் பார்க்கவில்லை.

அடுத்து பேட்டரி டெர்மினல். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், மைனஸை முதலில் கழற்றி, ஆப்பசோடா கலந்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, பிளஸ்ஸை முதலிலும் மைனஸைக் கடைசியிலும் மாட்டி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும், எஞ்சினிலிருந்து பாடிக்கும் போகும் எர்த் வயர்களின் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். எல்லா விளக்குகளும் எரியும்போது டைனமோவின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் சரியில்லை.

மூன்றாவது ஐடில் வேகம். கார்புரேட்டரோ திராட்டில் பாடியோ அழுக்கடைந்து, எஞ்சின் இருக்க வேண்டிய வேகத்துக்கும் குறைவாகத் திணறினால், டைனமோ என்ன செய்யும்? சுத்தம் செய்து ஐடிலைச் சரியான அளவில் வைத்தாலே பல வண்டிகளில் விளக்கு மங்குவது நின்றுவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் டைனமோவைக் கழற்றுங்கள். உள்ளே தேய்வது கார்பன் பிரஷ். அது சிறிய செலவுதான். ரெகுலேட்டரையும் தனியாக மாற்றலாம். டையோடு ஒன்று போயிருந்தால் சார்ஜ் குறையும். இரவில் நின்றபடியே பேட்டரி இறங்குவதும், ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு கூடும் ஒரு ரீங்காரம் கேட்பதும் அதற்கு அடையாளம். முழு டைனமோவையும் மாற்றச் சொன்னால், எந்தப் பாகம் கெட்டது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மீட்டர் பலகையின் பேட்டரி விளக்கையும் கவனியுங்கள். சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் முழுதும் அணைய வேண்டும். ஐடிலில் மெல்ல மினுக்கினால் அது எச்சரிக்கை. சாவி போட்டும் எரியாவிட்டால் அந்த பல்பைப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் டைனமோவைத் தூண்டிவிடும் முதல் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது.

செய்யக்கூடாதது

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி அணைகிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் திடீரென எகிறி டையோடும், இருக்கும் வண்டிகளில் கம்ப்யூட்டரும் போகும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். பெல்ட் ஓடும்போது அருகில் துப்பட்டா, கைக்குட்டை தொங்கக்கூடாது. மோதிரம், வாட்சைக் கழற்றி வையுங்கள். பேட்டரி அருகில் பீடி, தீக்குச்சி ஆகாது.

நமது வட்டியில்லாக் கடன் குழுவுக்கு, வாடகை வண்டி ஓட்டும் சகோதரர்களிடமிருந்து பேட்டரி வாங்குவதற்கான மனுக்கள் வருகின்றன. ஒரே ஆண்டில் இரண்டாவது முறை கேட்டவரும் உண்டு. இனி அத்தகைய மனுவுடன் மேலே சொன்ன நான்கு அளவுகளையும் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இது யாரையும் திருப்பி அனுப்புவதற்காக அல்ல. பெல்ட்டில் தீரும் குறைக்காக ஒருவர் பேட்டரிக் கடனைச் சுமக்கக்கூடாது என்பதற்காகத்தான். மல்டிமீட்டர் ஒன்று நமது அலுவலகத்தில் இருக்கிறது. அஸருக்குப் பிறகு வண்டியுடன் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்தே பார்த்துவிடலாம்.

— செயலாளர்