மேளப் போட்டியும் கணிக்க முடியாத முடிவுகளும்

இரண்டோ அதற்கு மேலோ வாத்தியக் குழுக்கள் ஒரே களத்தில் எதிரெதிரே நின்றோ அடுத்தடுத்தோ வாசிக்க, அவற்றுள் சிறந்தது எது என்று நடுவர்களோ கூடியிருக்கும் மக்களோ முடிவு செய்வது மேளப் போட்டி எனப்படும். குமரி மாவட்டக் கோயில் கொடைகளிலும் தேவாலயத் திருவிழாக்களிலும் ஊர்ச் சங்கங்களின் ஆண்டு விழாக்களிலும் மேளம் கேட்கப் பழகிய ரசிகர்கள் ஏராளம். போட்டி முடிந்து பரிசு அறிவித்த பிறகுதான் அவர்களுடைய உண்மையான பேச்சு தொடங்கும். 'அந்தக் குழுவுக்கு எப்படி முதல் பரிசு கொடுத்தார்கள்?' என்ற கேள்வி அடுத்த ஆண்டுத் திருவிழா வரைகூட ஓயாது. முடிவுகள் ஏன் இப்படி எதிர்பாராதவையாக அமைகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நையாண்டியும் செண்டையும்

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணைந்தது. அதற்கு முன்னர் இது திருவிதாங்கூரின் தென்பகுதி. ஆகவே இங்கு இரண்டு மேள மரபுகள் அருகருகே வாழ்கின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அடங்கிய நாஞ்சில் நாட்டின் அம்மன் கொடைகளில் வில்லுப்பாட்டோடு நையாண்டி மேளம் ஒலிக்கும். நாதசுரம், தவில், பம்பை, கிடிகிட்டி, தாளம் ஆகியவை இதன் வாத்தியங்கள். மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளுக்குச் சென்றால் செண்டையின் ஆட்சி. இன்று இந்த எல்லையும் கலைந்துவிட்டது. திருமண ஊர்வலம், கட்சிக் கூட்டம், கடை திறப்பு என எல்லா இடங்களிலும் சிங்காரி மேளம் கேட்கிறது.

நையாண்டி மேளத்தில் நடுவர் கிடையாது. இரண்டு குழுக்கள் வந்திருந்தால் ஒரு நாயனக்காரர் வாசித்த பிடியை மற்றவர் வாங்கித் திருப்பி வாசிப்பார். தவில்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே அடியைக் கூட்டுவார்கள். எந்தப் பக்கம் கூட்டம் நகர்கிறதோ, யாருடைய சட்டையில் ரூபாய் நோட்டு அதிகம் குத்தப்படுகிறதோ அவரே வென்றவர். இம்முடிவை எதிர்த்து யாரும் மேல்முறையீடு செய்ய முடியாது. 1968-இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' திரைப்படம் நாதசுரத்துக்கும் நாட்டியத்துக்கும் இடையிலான போட்டியைக் கதையாக்கியது. அந்தப் படம் அவ்வளவு மக்களைச் சென்றடைந்ததற்கு, இப்படிப்பட்ட போட்டிகள் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை என்பதும் ஒரு காரணம்.

செண்டையின் அமைப்பு

செண்டை பலா மரத்தைக் குடைந்து செய்யப்படும் உருளை வடிவ வாத்தியம். ஏறத்தாழ இரண்டு அடி உயரமும் ஓரடி விட்டமும் உடையது. இருபுறமும் மாட்டுத்தோல் கட்டி, கயிற்றால் இறுக்குவார்கள். உருட்டுச் செண்டை இடந்தலையில் வாசிக்கப்படும். நுணுக்கமான அடிகள் எல்லாம் இதில்தான். வலந்தலையில் பல அடுக்குத் தோல் ஒட்டப்பட்டிருக்கும். அதில் கனத்த ஒலியோடு தாளத்தைத் தாங்கிப் பிடிப்பது வீக்கன் செண்டை. கூடவே இலைத்தாளம், கொம்பு, குழல் ஆகியவை சேரும். கற்கத் தொடங்குபவர் கையில் ஆசான் முதலில் செண்டையைக் கொடுப்பதில்லை. புளியங்கட்டையால் கல்லில் அடித்துப் பழக வேண்டும். கை பதமான பிறகே தோலில் கோல் படும்.

தோல் வாத்தியம் வானிலைக்குக் கட்டுப்பட்டது. ஈரக் காற்று பட்டால் தோல் தளர்ந்து ஒலி மங்கும், வெயில் ஏறினால் இறுகும். இரண்டு பருவமழைகளையும் பெறும் குமரி மாவட்டத்தில் மாலை ஐந்து மணிக்கு வாசித்த குழுவும் மழை தூறிய பின் ஏழு மணிக்கு வாசித்த குழுவும் உண்மையில் ஒரே நிலையில் போட்டியிடவில்லை. முடிவைப் பற்றிப் பேசுபவர்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை.

கேரளக் கோயில் மேளங்களில் பஞ்சாரி, பாண்டி ஆகிய இரண்டும் தலையாயவை. பஞ்சாரி ஐந்து காலங்களாக விரியும். முதல் காலத்தில் ஒரு தாளவட்டத்துக்கு 96 அட்சரங்கள். பின்னர் 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வரும். தொடக்கத்தில் மெல்ல நடக்கும் மேளம் கடைசியில் ஓட்டமெடுப்பது இந்தக் கணக்கினால்தான். முழுமையாக வாசித்தால் பல மணி நேரம் ஆகும்.

இந்தக் கோயில் மேளங்கள் நெடுங்காலம் மாரார் போன்ற குறிப்பிட்ட சமூகத்தவரின் குலத்தொழிலாக இருந்தன. சிங்காரி மேளம் அந்த வேலியைத் தாண்டியது. அசைந்தும் ஆடியும், வரிசை மாறியும், துள்ளியும் வாசிக்கும் இப்புதிய வடிவத்தில் எந்தச் சமூகத்தவரும் சேரலாம். கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பின் பெண்கள் சிங்காரி மேளக் குழுக்களை நடத்துகிறார்கள். இலக்கணம் குறைவு, ஆட்டம் அதிகம் என்று பழைய ரசிகர்கள் இதைக் குறை சொல்வதுண்டு. ஆனால் கோயில் மதிலுக்கு வெளியே நின்று கேட்க மட்டுமே உரிமை பெற்றிருந்தவர்களின் தோளில் செண்டையை ஏற்றிய வடிவம் இது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

நடுவர் இல்லாத பூரம், நடுவர் உள்ள கலோத்சவம்

திருச்சூர் பூரத்தில் பாறமேக்காவு, திருவம்பாடி என்னும் இரு தரப்பினரும் தனித்தனி மேளம் நடத்துகிறார்கள். பாறமேக்காவு தரப்பினர் வடக்குநாதர் கோயிலில் இலஞ்சி, அதாவது மகிழ மரத்தடியில் வாசிக்கும் பாண்டி மேளத்துக்கு இலஞ்சித்தறை மேளம் என்று பெயர். இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசிக்க, கூட்டம் கைகளை வானை நோக்கி வீசித் தாளம் போடும். இதற்குப் பரிசும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆயினும் இவ்வாண்டு எந்தத் தரப்பு விஞ்சியது என்ற வாதம் ஆண்டுதோறும் நடக்கிறது. மேளத்தை வழிநடத்துபவரைப் 'பிரமாணி' என்பர். 20 ஆண்டுகளுக்கு மேல் இலஞ்சித்தறை மேளத்தின் பிரமாணியாக இருந்த பெருவனம் குட்டன் மாராருக்குப் பதிலாக 2023-இல் கிழக்கூட்டு அனியன் மாரார் அப்பொறுப்பை ஏற்றார். அந்த மாற்றம் கேரளச் செய்தித்தாள்களில் தலைப்புச் செய்திகளில் ஒன்றாக வந்தது.

கேரளப் பள்ளிக் கலோத்சவம் இதற்கு நேர்மாறானது. 1957-இல் தொடங்கிய இவ்விழாவில் செண்டை மேளம், பஞ்சவாத்தியம், பேண்டு ஆகிய மூன்றும் போட்டிகளாக நடத்தப்படுகின்றன. நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். அதன்படி ஏ, பி, சி தரங்கள் வழங்கப்படும். தரங்களுக்கான புள்ளிகள் மாவட்டக் கணக்கில் சேரும். அதிகப் புள்ளி பெற்ற மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை. 2024-இல் கொல்லத்தில் நடந்த விழாவில் கண்ணூர் 952 புள்ளிகளும் கோழிக்கோடு 949 புள்ளிகளும் பெற்றன. 2025-இல் திருவனந்தபுரத்தில் திருச்சூர் 1008, பாலக்காடு 1007. நூற்றுக்கணக்கான போட்டிகளின் கூட்டுத்தொகையில் வேறுபாடு ஒரே ஒரு புள்ளி! திருச்சூரின் ஏதேனும் ஒரு குழு ஒரு படி தரம் இறங்கியிருந்தாலும் கோப்பை கைமாறியிருக்கும். கீழ்மட்டப் போட்டிகளில் தோற்றவர்கள் மேல்முறையீடு செய்து, சில வேளைகளில் நீதிமன்ற ஆணை பெற்று மேடையேறுவது இவ்விழாவில் வழக்கமாகிவிட்ட ஒன்று.

போட்டிக்கெனக் குறித்த நேரம் இருப்பதால் பல மணி நேர மேளத்தைச் சில நிமிடங்களுக்குள் சுருக்க வேண்டியிருக்கிறது. 96 அட்சரத்தின் நிதானத்தைக் கேட்டு அனுபவிக்க நேரமில்லை. விரைவும் உச்சமுமே மேடையில் மிஞ்சுகின்றன. மேடையில் கேட்டதுதான் மேளம் என்று எண்ணி வளரும் மாணவனுக்கு இது ஒரு நட்டம்தான்.

கூட்டல் கணக்கு செய்யும் வேலை

முடிவுகள் எதிர்பாராமல் அமைவதற்கு நடுவரின் ஓரவஞ்சனையே காரணம் என்று ரசிகர்கள் எளிதில் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலான நேரங்களில் காரணம் வெறும் கணக்கு. ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்க்கலாம்.

கிழக்குத் தெருக் குழுவும் மேற்குத் தெருக் குழுவும் மோதுகின்றன. நடுவர்கள் மூவர். கிழக்குத் தெருவுக்கு அவர்கள் இட்டவை 82, 84, 70. மேற்குத் தெருவுக்கு 80, 82, 78. முதல் இரண்டு நடுவர்களும் கிழக்குத் தெருவே சிறந்தது என்று கருதியிருக்கிறார்கள். ஆனால் மொத்தம் கூட்டினால் கிழக்கு 236, மேற்கு 240. மேற்குத் தெரு வெற்றி. மூன்றாம் நடுவர் மதிப்பெண்ணை அகலமாக விரித்து இடுபவர். அந்த ஒருவரின் எட்டு மதிப்பெண் இடைவெளி மற்ற இருவரின் இரண்டிரண்டு மதிப்பெண் இடைவெளியை விழுங்கிவிட்டது. இதையே மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு நடுவரும் தரும் இடத்தை வைத்துக் கணக்கிட்டால் கிழக்கு 1+1+2=4, மேற்கு 2+2+1=5. குறைந்த எண் வெல்லும் என்பதால் இப்போது கிழக்குத் தெரு வெற்றி. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் விலைபோகவில்லை. முறையை மாற்றியதும் முடிவு மாறிவிட்டது. ஆகவே போட்டி தொடங்கும் முன்பே எந்த முறையில் கணக்கிடப்படும் என்று விழாக்குழு அறிவித்துவிடுவது நல்லது.

வாசிக்கும் வரிசையும் ஒரு காரணம். முதலில் வரும் குழுவுக்கு நடுவர் கை தயங்கும். பின்னால் இதைவிடச் சிறந்தது வரலாம் அல்லவா? பெல்ஜியத்தின் எலிசபெத் அரசி இசைப் போட்டியில் வரிசை குலுக்கல் முறையில்தான் முடிவாகிறது. அப்போட்டியின் பல ஆண்டு முடிவுகளை ஆராய்ந்த ஃபுளோரஸ், கின்ஸ்பர்க் என்னும் பொருளியலாளர்கள், தொடக்கத்தில் வாசித்தவர்களுக்குத் தர வரிசையில் பின்னடைவு ஏற்படுவதை 1996-இல் எடுத்துக்காட்டினர். நம் ஊர்ப் போட்டிகளில் 'முதல் சீட்டு வேண்டாம்' என்று குழுத் தலைவர்கள் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

இன்னொன்று கண் செய்யும் வேலை. சியா-ஜங் சாய் என்னும் ஆய்வாளர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இசைப் போட்டிகளின் காட்சித் துண்டுகளை ஒலியில்லாமல் பார்த்தவர்கள் வென்றவரைச் சரியாகக் கண்டுபிடித்தனர். ஒலியை மட்டும் கேட்டவர்களால் அந்த அளவுக்கு முடியவில்லை. பயிற்சி பெற்ற இசைக்கலைஞர்களின் நிலையும் இதுவே. துள்ளலும் வரிசை மாற்றமும் நிறைந்த சிங்காரி மேளத்துக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடிக் கேட்ட ரசிகர் ஒருவருக்கும் முன்வரிசையில் நின்று பார்த்த இளைஞர் ஒருவருக்கும் தேநீர்க் கடையில் நடக்கும் வாதத்தில், இருவரும் வெவ்வேறு போட்டிகளைப் பற்றியே பேசுகிறார்கள்.

அமெரிக்க டிரம் கோர்

இவ்வகைப் போட்டி மிக நுட்பமாக வளர்ந்த இடம் அமெரிக்கா. பித்தளை ஊது கருவிகளும் கொட்டு வாத்தியங்களும் கொடி வீசுவோரும் சேர்ந்த பெரிய அணிகள் அங்குக் கால்பந்துத் திடலில் நடந்துகொண்டே வாசிக்கின்றன. இவற்றுக்கு டிரம் கோர் என்று பெயர். 1971-இல் தோன்றிய டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பு 1972 முதல் ஆண்டுதோறும் கோப்பைப் போட்டியை நடத்துகிறது. நூறு மதிப்பெண்ணில் ஒட்டுமொத்த விளைவுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. கண்ணும் காதும் தனித்தனியே எடைபோடப்படுவதைக் கவனிக்கலாம். மதிப்பெண் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை செல்லும். 2008-இல் ஃபாண்டம் ரெஜிமெண்ட் அணி 98.125 பெற்று, 98.100 பெற்ற ப்ளூ டெவில்ஸ் அணியை வென்றது. வேறுபாடு 0.025! அவ்வளவு நுணுக்கி அளந்தும் 1996, 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் சமநிலையில் முடிந்தது. அங்கும் ரசிகர்கள் ஆண்டு முழுவதும் வாதிடுகிறார்கள்.

தோற்ற குழுவின் நிலை

குமரி மாவட்ட மேளக் குழுக்களில் ரப்பர் பால் வெட்டுபவர், கொத்தனார், கல்லூரி மாணவர் எனப் பலரும் இருப்பார்கள். மேளம் அவர்களுக்கு ஆசையும் பக்க வருமானமும். முதல் பரிசுக் கோப்பையைவிட அதைத் தொடர்ந்து வரும் அச்சாரமே அவர்களுக்குப் பெரிது. வென்ற குழுவின் பெயரைக் கேட்டே அடுத்த திருவிழாக்காரர்கள் தேடி வருவார்கள். எனவே மேலே கண்ட இரண்டு மதிப்பெண், நான்கு மதிப்பெண் வேறுபாடு ஒரு பருவத்து வருமானத்தையே மாற்றிவிடக்கூடும். தோற்றவர்களுக்கு ஏன் தோற்றோம் என்பதும் தெரிவதில்லை. ஒலிபெருக்கியில் இடங்கள் மட்டும் அறிவிக்கப்படும். மதிப்பெண் தாள் நடுவரோடு போய்விடும்.

டிரம் கோர் நடுவர்கள் அணி வாசிக்கும்போதே தம் கருத்துகளை ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிவு செய்கிறார்கள். எந்த இடத்தில் தாளம் பிசகியது, எந்த இடம் நன்றாக அமைந்தது என்பது அதில் இருக்கும். போட்டி முடிந்ததும் அந்தப் பதிவு அணியிடம் கொடுக்கப்படும். இதற்கு இன்று ஒரு கைபேசி போதும். நடுவர் மூவரும் தனித்தனியே நின்று பேசிப் பதிந்து, இரவு வண்டியில் செண்டைகளை ஏற்றுவதற்குள் குழுத் தலைவருக்கு அனுப்பிவிடலாம்.