எண்ணூறு ஆண்டாக மக்காத மரம்

நார்வே நாட்டின் மேற்குப் பகுதியில், லேர்டால் பள்ளத்தாக்கில் போர்குண்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள மரத் தேவாலயத்தைக் காண வருவோரில் அமெரிக்கர் சிலரும் உண்டு. 1825 முதல் நூறாண்டுக் காலத்தில் நார்வே மக்கள் எட்டு லட்சம் பேர் பிழைப்புத் தேடி வட அமெரிக்கா சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள், ஞானஸ்நானப் பதிவேட்டில் முப்பாட்டனாரின் பெயரைத் தேடிக் கண்டு, அவர் பெயர் பெற்ற இடத்தைப் பார்க்க வருகின்றனர். முப்பாட்டனார் பார்த்த அதே தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவை 1180-ஆம் ஆண்டை ஒட்டி வெட்டப்பட்ட மரங்கள். இத்தனை காலம் மக்காமல் இருந்தது எப்படி?

மரத்துக்கு முதல் எதிரி ஈரம். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஈரம் இருந்தால் அதில் பூஞ்சை வளர்வது அரிது. மண்ணில் ஊன்றிய பழைய வேலிக் கம்பைப் பிடுங்கிப் பாருங்கள். உச்சி திடமாக இருக்கும்; மண்ணோடு ஒட்டிய பகுதி விரல் பட்டாலே உதிரும். மரம் எண்ணற்ற நுண்குழாய்களின் கட்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அதில் மண்ணின் நீர் ஏறுகிறது. இதையே நுண்புழை ஏற்றம் என்கிறோம். தரை மட்டத்தில் நீரும் காற்றும் ஒருங்கே கிடைப்பதால் பூஞ்சை அங்கே செழிக்கிறது.

நார்வேயின் முதல் மரத் தேவாலயங்களின் தூண்கள் இப்படித்தான் மண்ணில் ஊன்றப்பட்டன. அவற்றுள் ஒன்றும் இன்று நிற்கவில்லை. அகழ்ந்து பார்த்தவர்களுக்குத் தூண் நட்ட குழிகளே கிடைத்தன. பின்வந்த தச்சர்கள் தரையில் கல் பரப்பி, அதன்மேல் கனத்த அடிச்சட்டங்களைக் கிடத்தி, சட்டத்தின் மேல் தூண்களை நிறுத்தினர். மண்ணின் நீர் மரத்துக்கு ஏறும் வழி கல்லோடு அறுந்தது!

தேர்ந்தெடுத்த மரமும் துணை செய்தது. பைன் மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் பிசின் மிகுதி. நீர் எளிதில் புகாது. செங்குத்தான கூரை மழையையும் பனியையும் வழித்துத் தள்ளுகிறது. பைன் கட்டைகளைச் சுட்டு வடித்த தாரைச் சுவர்களில் காலந்தோறும் பூசி வருகின்றனர்.

மரம் வெட்டிய ஆண்டை எவ்வாறு அறிந்தனர்? நல்ல ஆண்டில் மரத்தின் வளையம் அகலமாகவும், வறிய ஆண்டில் குறுகலாகவும் அமையும். இந்த வரிசையை ஆண்டு தெரிந்த பிற மரங்களின் வரிசையோடு பொருத்தினால், பட்டையை ஒட்டிய கடைசி வளையமே வெட்டிய ஆண்டைச் சொல்லிவிடும்.

ஈரத்தை வென்ற இக்கட்டடங்களுக்கு மனிதராலும் அழிவு வந்தது. 1851-இல் வந்த சட்டம், தேவாலயத்தில் ஊர் மக்களில் பத்தில் மூவருக்காவது இடம் வேண்டும் என்றது. சிறிய பழைய தேவாலயங்கள் பல இடிக்கப்பட்டன. போர்குண்டில் 1868-இல் புதியதை அருகிலேயே கட்டியதால் பழையது தப்பியது. 1877-இல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கம் அதை வாங்கிக் காத்தது. இன்று நார்வேயில் எஞ்சியவை 28 மட்டுமே. நெருப்பின் அச்சமும் தீரவில்லை. பெர்கன் நகரின் ஃபான்டாஃப்ட் தேவாலயம் 1992-இல் தீவைப்பில் எரிந்து சாம்பலாயிற்று.

கடல் கடந்து வரும் கொள்ளுப் பேரன் தொட்டுப் பார்க்க ஒரு தூண் எஞ்சியிருக்கிறதென்றால், அதன் அடியில் கிடக்கும் கல்லுக்கும், அதைக் காத்தவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.