வினாவின் வடிவமும் தொழிலும்: திரைப்பட உரையாடல் தரும் பாடம்



திரைப்படத்தில் வரும் பாத்திரங்கள் ஒருவரையொருவர் ஓயாது வினவிக்கொண்டே இருக்கின்றனர். ஆயினும் அவ்வினாக்களுள் விடையை அறியும் பொருட்டு எழுவன மிகச் சில. சில வினாக்கள் ஏவும், சில மறுக்கும், சில மன்றாடும். வினாவின் வடிவம் ஒன்று, அது செய்யும் தொழில் வேறொன்று. இவ்வேறுபாட்டை இன்று சிறிது ஆராய்வோம்.

13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை ஆறாகப் பகுக்கிறது. ஆசிரியர் தாம் அறிந்ததை மாணவனிடம் வினவுவது அறிவினா. மாணவன் தான் அறியாததை ஆசிரியரிடம் வினவுவது அறியா வினா. ‘தொலைவில் வருவது பேருந்தா, லாரியா?’ என்பது ஐய வினா. கலவைக் கடைத்தெருவில் ஒருவர், ‘வேர்க்கடலை இருக்கிறதா?’ என்றால் அது கொளல் வினா. ‘உன்னிடம் குறிப்பேடு இல்லையா?’ என்று கேட்டு ஒன்றை எடுத்து நீட்டினால் அது கொடை வினா. ‘பாடம் படித்தாயா?’ என்று தாய் கேட்பது ஏவல் வினா. ‘போய்ப் படி’ என்பதே அதன் உட்பொருள். வினாவைச் சொற்களின் அமைப்பால் அன்றி, வினவுவோன் கருத்தால் வகுத்தமையே இப்பகுப்பின் சிறப்பு.

ஆங்கில இலக்கண நூல்களோ பெரும்பாலும் வடிவத்தைக் கொண்டு பகுக்கின்றன. ஆம், இல்லை என்னும் விடை வேண்டுவன. யார், என்ன, ஏன் எனத் தொடங்குவன. இதுவா அதுவா எனத் தெரிந்தெடுக்கச் சொல்வன. வாக்கியத்தின் வாலில் ஒட்டி வருவன என அவை நால்வகை. தமிழில் ‘ஆ’ என்னும் ஓரெழுத்து இடம் மாறினால் வினாவின் குறியும் மாறுகிறது. ‘முருகனா நேற்று வந்தான்?’, ‘முருகன் நேற்றா வந்தான்?’, ‘முருகன் நேற்று வந்தானா?’ என மூன்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் இதனைத் துணைவினையை முன்னே கொணர்ந்தும், குரலை ஏற்றியும் செய்து முடிக்கிறது. வால் வினாவுக்கு நமக்கு ‘அல்லவா’ என்னும் ஒரு சொல்லே போதும். ஆங்கிலத்திலோ முன்வந்த வினைச்சொல்லுக்கேற்ப அது மாறும். நம் மாணவர் எதற்கும் ‘இஸ்ண்ட் இட்’ எனச் சேர்ப்பதற்குத் தமிழ்ப் பழக்கமே காரணம்.

இனித் திரைப்படங்களைக் காண்போம். 1959-இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில், வரி கேட்கும் ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் அடுக்கடுக்காக வினவுகிறான். எங்கள் உழவில் உனக்குப் பங்குண்டா என்னும் கருத்தே அவ்வினாக்கள் அனைத்திலும் ஓடுகிறது. அவற்றுள் ஒன்றுக்கேனும் அவன் விடை எதிர்பார்க்கவில்லை. வடிவம் வினா, பொருளோ மறுப்பு. ‘உனக்கு உரிமை இல்லை’ என ஒருமுறை சொல்வதைக் காட்டிலும், கேட்போரையே மனத்துக்குள் ‘இல்லை, இல்லை’ எனச் சொல்லவைப்பது வலியது.

1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ வேறொரு சுவை தருவது. தருமி வினவ, புலவராக வந்த இறைவன் விடையிறுக்கிறார். தேர்வு வைப்பவன் விடை அறிந்தவனாக இருத்தல் வேண்டும். ஆனால் தருமியோ கேட்க மட்டுமே தெரிந்தவன். அறிவினாவின் ஆசனத்தில் அறியாதவன் அமர்ந்ததே நகைச்சுவைக்கு வித்து.

1987-இல் வந்த ‘நாயகன்’ படத்தின் இறுதியில், சிறுவன் ஒருவன் தன் பாட்டனிடம், நீர் நல்லவரா கெட்டவரா எனக் கேட்கிறான். வடிவால் அது தெரிந்தெடுக்கும் வினா. முதியவரோ இரண்டினுள் ஒன்றையும் தெரிந்தெடுக்காது, தமக்குத் தெரியவில்லை என்கிறார். கேட்டவன் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டமையால் அவ்வினா நம் நெஞ்சைத் தொடுகிறது.

வினாவின் தொழிலை அறியாவிடில் வாழ்விலும் இடர் உண்டு. எங்கள் வட்டாரத்து இளைஞர் பலர் இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல், காலணி நிறுவனங்களில் வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் வெளிநாட்டு வணிகரோடு பேச நேர்கிறது. என் பழைய மாணவர் ஒருவரிடம் அத்தகைய வணிகர், ‘உட் யூ மைண்ட்’ எனத் தொடங்கி, மாதிரிக் காலணியை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப இயலுமா என்றாராம். இவர் பணிவோடு ‘யெஸ் சார்’ என்றார். சொல்லளவில் அவ்வினா, ‘அனுப்புவதில் உமக்குத் தடையுண்டா?’ என்பதாகும். அதற்கு ‘ஆம்’ என்பது மறுப்பாகிவிடும். வணிகர் புருவம் உயர்த்தவே, இவர் ‘கட்டாயம் அனுப்புகிறேன்’ எனச் சேர்த்துக் காரியத்தைக் காத்துக்கொண்டார். அவ்வினா நம் இலக்கணப்படி ஏவல் வினா என்று கண்டிருந்தால் குழப்பமே இல்லை.

இறுதியாக, 1957-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டுவெல்வ் ஆங்கிரி மென்’ என்னும் படத்தைக் கூறுவேன். கொலைக் குற்றம் சாட்டப்பெற்ற இளைஞன் ஒருவனின் உயிர் 12 நடுவர்கள் கையில் இருக்கிறது. 11 பேர் அவனைக் குற்றவாளி என்கின்றனர். ஒருவர் மட்டும் வினவத் தொடங்குகிறார். கால் தளர்ந்த கிழவர் தாம் சொன்ன 15 விநாடிக்குள் கதவருகே வந்திருக்க இயலுமா? கண்ணாடி அணியாத பெண் இரவில் அத்தனை தொலைவு கண்டிருக்க இயலுமா? வினவும் அவருக்கும் உண்மை இன்னதெனத் தெரியாது. அவை தூய அறியா வினாக்கள். கட்டபொம்மன் வினாக்கள் விடையைத் தம்முள்ளேயே கொண்டவை. இவையோ விடையைத் தேடிச் செல்பவை. ஓருயிரைக் காத்தவை இத்தேடும் வினாக்களே.

மாணவர்களே, இனிப் படம் பார்க்கும்போது மூன்றை நோக்குக: வினவுவோன் விடை அறிவானா? எவ்விடையை எதிர்பார்க்கிறான்? வினாவின் வடிவத்துள் மறைந்து நிற்பது ஏவலா, மறுப்பா, வேண்டுகோளா? இப்பழக்கம் இருமொழித் திறனையும் வளர்க்கும். இனிய வினாவுக்குள் வலை விரிப்போரிடமிருந்து உங்களைக் காக்கவும் செய்யும். வகுப்பில் எழுந்து நின்று அறியா வினாவைக் கேட்க நாணாதீர்கள். ஆறனுள் அறிவை வளர்ப்பது அதுவே.