அடுத்த கோச் யாரு?

2025 ஜூலை மாதம் ஏறக்குறைய முழுக்க இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் இல்லை. ஸ்பெயின்காரரான மனோலோ மார்க்கேஸ் எட்டு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்றுவிட்டு ஜூலை 2 அன்று விடைபெற்றிருந்தார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் விண்ணப்பம் கேட்டது. 170 பேர் போட்டார்கள். அந்தக் குவியலில் சாவி எர்னாண்டஸ் பெயரும் இருந்ததாகவும், செலவு தாங்காது என்று சம்மேளனம் அவரை ஒதுக்கிவிட்டதாகவும் மாதக் கடைசியில் செய்தி வந்தது. 2010இல் உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் அணியின் நடுக்கள வீரர், 2023இல் பார்சிலோனாவுக்கு லா லிகா பட்டம் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர், உலகத் தரவரிசையில் 133ஆம் இடத்தில் கிடந்த அணிக்கு விண்ணப்பித்தாராம்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடைகள் வரை அந்தச் செய்தி ஒரே நாளில் வந்துவிட்டது. "வர்றேன்னு சொன்ன ஆளை வேண்டாம்னுட்டாங்களாம் மாப்ள" என்று ஒருவர் கொதித்தார். "பூட்டு செய்யுற ஊர்ல இருந்துக்கிட்டு சாவிய விட்டுட்டோமேடா" என்றார் இன்னொருவர். அப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்குமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வரவில்லை. சாவி பெயரிலும் இன்னொரு பிரபல பயிற்சியாளரான பெப் குவார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று சம்மேளனமே அறிவித்தது. சாவி பெயரில் வந்ததை அனுப்பியவன் நான்தான் என்று வேலூரில் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின.

ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் ஒரு மின்னஞ்சல் நாடு நம்பும் செய்தியாக மாறியதற்குப் பின்னால் அறிவியல் ஏறக்குறைய 90 ஆண்டுகளாகத் துருவிப் பார்த்துவரும் ஒரு பொறிமுறை இருக்கிறது. அந்த ஆராய்ச்சியின் முதல் அத்தியாயங்களில் ஒன்று எழுதப்பட்டது இந்தியாவில்தான்.

பீகாரில் கிடைத்த துப்பு

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அடுத்த சில வாரங்களில் மக்களிடையே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் திரட்டி, 1935இல் கட்டுரையாக வெளியிட்டார். இதைவிடப் பெரிய நடுக்கம் வரப்போகிறது, வெள்ளம் வரப்போகிறது என்பது மாதிரியான பேச்சுகள். வீடு இடியாத, உறவினரை இழக்காத ஊர்களிலும் அவை பரவியிருந்தன.

பிற்காலத்தில் இதைப் படித்த அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கருக்கு ஒரு கேள்வி எழுந்தது. பயத்தில் இருப்பவர்கள் ஆறுதலான சேதியை அல்லவா தேட வேண்டும்? இன்னும் பயமுறுத்தும் சேதியை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? நில அதிர்வில் அவர்களுக்குப் பயம் வந்துவிட்டது, ஆனால் பயப்படும்படி கண்ணெதிரே எதுவும் இல்லை. வந்துவிட்ட உணர்ச்சிக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அதை வதந்தி கொடுத்தது. இப்படி அவருக்குப் பட்டது. 1957இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற 'அறிவு முரண்பாடு' கோட்பாட்டுக்குப் பீகார் வதந்திகள் ஒரு தொடக்கப் புள்ளி.

ரசிகர் மனதும் இப்படித்தான் வேலை செய்கிறது. அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் நம்பிக்கை போக மறுக்கிறது. அந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்க ஒரு பெரிய பெயர் வேண்டும்.

கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1947இல் வதந்திக்கு ஒரு சூத்திரமே எழுதினார்கள். விஷயம் எவ்வளவு முக்கியமோ, தகவல் எவ்வளவு மங்கலோ, இரண்டையும் பெருக்கினால் வருவது வதந்தியின் அளவு. பெருக்கல் என்பதுதான் இதில் நுட்பம். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். நேற்றைய ஆட்டத்தின் கோல் கணக்கு முக்கியமானது, ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது, அதில் வதந்திக்கு இடமில்லை. ஆட்டநாள் சீருடையை எந்தத் தையற்காரர் தைக்கிறார் என்பது தெரியாது, ஆனால் யாருக்கும் அதில் அக்கறையும் இல்லை. பயிற்சியாளர் தேடலில் இரண்டுமே உச்சத்தில் நிற்கும். நிர்வாகம் தொடக்கத்தில் ஒரு அறிவிப்பும் முடிவில் ஒரு அறிவிப்பும் தரும், நடுவில் வாரக்கணக்கில் மௌனம் காக்கும். சூத்திரம் பின்னாளில் விமர்சனத்துக்கு உள்ளானது, பதற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார்கள். பதற்றத்துக்கும் ரசிகரிடம் பஞ்சமில்லை.

திண்டுக்கல்லில் இது ஒரு படி கூடுதல். கிரிக்கெட்டுக்குச் சொந்தமாக டிராகன்ஸ் அணி உண்டு. ஐ.எஸ்.எல். கால்பந்துக்கு வைகை எக்ஸ்பிரஸ் ஏறி நானூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் சென்னையின் எஃப்.சி. பயிற்சித் திடலில் யார் வந்தார், யார் முகம் சுளித்தார் என்பதெல்லாம் இங்கே வந்து சேர்வதற்குள் பாதி உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

நிரப்புவதிலும் வகை உண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்த 1942இல் அமெரிக்காவில் திரட்டிய ஆயிரத்துக்கு மேற்பட்ட வதந்திகளை ராபர்ட் நாப் என்பவர் மூன்றாகப் பிரித்தார்: ஆசை வதந்தி, அச்ச வதந்தி, ஆளைப் பிரிக்கும் வதந்தி. மூன்றில் இரண்டு பங்கு மூன்றாம் வகை, ஆசை வகை சொற்பம். டீக்கடைக் கால்பந்துப் பேச்சிலும் இந்த மூன்றையும் கேட்கலாம். "பெரிய கை ஒண்ணு வருதாம்" ஆசை. "கோச் போனா நல்ல பிளேயர் எல்லாம் கிளம்பிருவான்" அச்சம். "நம்மாளுக்குக் கொடுக்கக் கூடாதுன்னே உள்ள இருந்து தடுக்குறாங்க" என்பது பிரிப்பது. சாவி செய்தி ஆசையையும் பிரிப்பையும் ஒரே பொட்டலத்தில் கட்டித் தந்தது. வரத் தயாராக இருந்தார், இவர்கள் விட்டுவிட்டார்கள். அது அவ்வளவு வேகமாக ஓடியதில் வியப்பில்லை.

நூறு வாய், ஒரே காது

இத்தனை பேர் சொல்கிறார்கள், எல்லாருமா தவறாக இருப்பார்கள் என்று ஒரு வாதம் வரும். கூட்டத்தின் கணிப்புக்கு மதிப்பு உண்டு என்பதற்கு அறிவியலில் சான்றும் உண்டு. 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில், ஒரு எருதை அறுத்துச் சுத்தம் செய்தபின் என்ன எடை நிற்கும் என்று ஊகிக்கும் போட்டி வைத்தார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் அதில் 787 சீட்டுகளை வாங்கி ஆராய்ந்தார். வரிசைப்படுத்தியபோது நடுவில் நின்ற ஊகம் 1,207 பவுண்டு, நிஜ எடை 1,198 பவுண்டு. 540 கிலோவுக்கு மேல் இருந்த மாட்டில் வித்தியாசம் நான்கே கிலோ. அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லும் தேர்ந்த கைக்கு நிகரான துல்லியம் அது.

ஆனால் பிளிமத்தில் ஒவ்வொருவரும் மாட்டைத் தன் கண்ணால் பார்த்தார்கள், கைக்காசு கட்டினார்கள், அடுத்தவர் சீட்டைப் பார்க்காமல் எழுதினார்கள். அதனால் ஒருவர் கூட்டிச் சொன்னதும் இன்னொருவர் குறைத்துச் சொன்னதும் ஒன்றையொன்று ஈடுகட்டின. கோச் ஊகத்தில் மாட்டையே யாரும் பார்ப்பதில்லை. ஒரு மின்னஞ்சல், அதை வைத்து ஒரு செய்தி, அந்தச் செய்தியை வைத்து நூறு செய்தி, ஆயிரம் வாட்ஸப் பகிர்வு. வாய் நூறானாலும் கேட்ட காது ஒன்றுதான். முதல் தவறு ஈடாகாமல் அப்படியே பெருகுகிறது. முன்னால் சொன்னவருக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பின்தொடர்வதால் வரும் இந்தச் சரிவுக்கு 'தகவல் அருவி' என்று 1992இல் மூன்று பொருளியலாளர்கள் பெயரிட்டார்கள்.

கூடவே இன்னொரு பலவீனமும் சேர்கிறது. ஒரே வாக்கியத்தைச் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பக் காட்டினால், அது மெய்யோ பொய்யோ, மக்கள் அதை மேலும் மேலும் நம்புகிறார்கள் என்று 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதனையில் கண்டார்கள். நான்காவது முறை காதில் விழும்போது "நானும் கேள்விப்பட்டேன்" என்கிறோம். கேட்ட நான்கும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பது நினைவில் இருப்பதில்லை.

பகடை போட்டுப் பாருங்கள்

புதிய கோச் வந்த பிறகும் மனதின் நிரப்பும் வேலை நிற்பதில்லை. இம்முறை தகவல் இல்லாத இடத்தில் அல்ல, தற்செயல் இருக்கும் இடத்தில் ஒரு பெயரைப் போட்டு நிரப்புகிறோம்.

லூடோ பெட்டியிலிருந்து ஒரு பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2 விழுந்தால் வெற்றி. 3, 4 சமன். 5, 6 தோல்வி. இது ஒரு சராசரி அணி. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. ஐந்து முறை உருட்டினால் சராசரியாக 6.7 புள்ளி வர வேண்டும். ஐந்திலும் ஒரு வெற்றிகூட விழாமல் போகும் வாய்ப்பு 243இல் 32, அதாவது 13 சதவீதம். குறைவுதானே என்று தோன்றும். ஆனால் பத்துப் பேர் ஆளுக்கொரு பகடை உருட்டினால், ஒருவராவது அந்தப் பள்ளத்தில் விழ ஏறத்தாழ நான்கில் மூன்று வாய்ப்பு. பத்து அணி லீக்கில் யாராவது ஒருவர் சும்மாவே ஐந்து ஆட்டம் வெல்லாமல் கிடப்பார் என்று பொருள்.

அப்படி விழுந்த அணி சராசரியாக இரண்டரைப் புள்ளி எடுத்திருக்கும். ரசிகர்கள் கொதிக்கிறார்கள், கோச் போகிறார், புதியவர் வருகிறார். பகடை அதே பகடைதான். அடுத்த ஐந்து உருட்டலில் எதிர்பார்க்க வேண்டியது மறுபடி அதே 6.7. இரண்டரை எங்கே, 6.7 எங்கே! புதியவர் ராசிக்காரர் ஆகிவிடுகிறார். அவர் பகடையைத் தொடக்கூட இல்லை.

'சராசரிக்குத் திரும்புதல்' என்னும் இந்த விதியை முதலில் கண்டுசொன்னவரும் அதே கால்டன்தான். 1886இல், 205 பெற்றோர் இணைகளையும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் அளந்து, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருப்பதைக் காட்டினார். எந்த உச்சத்துக்கும் எந்தப் பள்ளத்துக்கும் அடுத்தது பெரும்பாலும் நடுவை நோக்கியே நகரும்.

கால்பந்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். பாஸ் டெர் வீல் என்ற டச்சுப் பொருளியலாளர் 1986 முதல் 2004 வரை நெதர்லாந்து லீக்கில் நடந்த பயிற்சியாளர் மாற்றங்களை எடுத்தார். நீக்கியபின் அணிகள் மேம்பட்டிருந்தன, உண்மை. ஆனால் அதே அளவு சரிந்தும் கோச்சை மாற்றாமல் விட்ட அணிகளையும் தேடிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவையும் அதேபோல் மீண்டிருந்தன. ஜெர்மனியின் புந்தஸ்லிகாவில் 46 பருவங்களை அலசி 2011இல் வெளியான ஆய்வும் பருவத்தின் நடுவே கோச்சை மாற்றுவதால் பலன் இல்லை என்றே முடிந்தது.

நம் வீட்டுப் பக்கமே சாட்சி இருக்கிறது. 2019-20 பருவத்தில் சென்னையின் எஃப்.சி. முதல் ஆறு ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றது. அதே அணிக்கு முன்பு பட்டம் வாங்கிக் கொடுத்திருந்த ஜான் கிரகரி விலகினார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார், அணி இறுதிப்போட்டி வரை போனது. மந்திரக்கோல் என்று கொண்டாடினார்கள். அதே கோய்ல் 2023இல் திரும்பி வந்தார். அணி முதல் பருவத்தில் ஆறாம் இடம், அடுத்த பருவத்தில் பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம். 2017இல் ஐசால் எஃப்.சி. என்ற மிசோரம் சிற்றணியை ஐ-லீக் சாம்பியனாக்கி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர் காலித் ஜமீல். அடுத்த பருவம் அவர் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அவருடைய புதிய அணி நான்காவது, அவர் விட்டுப்போன அணி ஐந்தாவது.

2025 ஆகஸ்ட் 1 அன்று இந்திய அணியின் பொறுப்பு அந்த ஜமீலிடம்தான் வந்தது. 13 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாற்காலியில் ஒரு இந்தியர். கடைசி மூவரில் முன்னாள் பயிற்சியாளர் ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைனும் ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் தார்கோவிச்சும் இருந்தார்கள். தார்கோவிச் பெயரை டீக்கடையில் யாரும் எடுத்ததாக நினைவில்லை. முதல் ஆட்டத்திலேயே தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணில் வைத்து 2-1 என்று வென்றார் ஜமீல். அந்த ஆட்டம் இடம்பெற்ற தொடரில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். "நம்மாளுக்குத்தான் நம்ம பசங்களத் தெரியும்" என்றது கடை. அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 தோல்வி, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது. கடை மறுபடி பழைய கேள்விக்கு வந்தது.

பயிற்சியாளர் வெறும் பொம்மை என்று இதற்குப் பொருள் இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது, இளம் வீரர்களை எப்படி வளர்ப்பது, உடல்தகுதி, ஆட்டமுறை என்று அவர் தொடும் எதுவும் பகடையின் முகங்களையே மாற்றக்கூடியது. அதற்குப் பருவங்கள் பிடிக்கும். கோல்கள் அரிதாக விழும் விளையாட்டில் ஐந்து ஆட்டத்தின் முடிவில் கோச்சின் பங்கையும் தற்செயலின் பங்கையும் பிரித்தெடுக்க வழியில்லை. அளக்க வேண்டுமானால் கடைசி ஐந்தை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு பருவங்களைப் பாருங்கள், வென்ற கணக்கைவிட உருவாக்கிய கோல் வாய்ப்புகளை எண்ணுங்கள்.

ரசிகர் பாடு தேவலை. டீ ஆறுவதற்குள் பத்துப் பேரை நியமித்து நீக்கலாம், காசு செலவில்லை. நிர்வாகம் அதே மனநிலையில் கையெழுத்துப் போடும்போதுதான் கட்டணம் வருகிறது. 2024 ஜூனில் மார்க்கேஸுக்கு முந்தைய பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சை ஒப்பந்தம் முடியும் முன் நீக்கிய சம்மேளனம், கணக்குத் தீர்க்க ஒப்புக்கொண்ட தொகை 4 லட்சம் டாலர். அந்த இடத்துக்கு 291 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான், எட்டில் ஒன்றை வென்றுவிட்டுப் போன மார்க்கேஸ்.